படகு போன பின் அரங்கேறும் பண்பாடு

யாழ்ப்பாணத்திலே கலைநிகழ்ச்சி என்றால் அது மாலையில் தொடங்குவது என்பது எழுதாச் சட்டம். அலுவலகம் விட்டு, வீடு சென்று, முகங்கழுவி, மாற்றுடை உடுத்துப் புறப்படும் நகரவாசியின் நேரக்கணக்கே அழைப்பிதழின் நேரக்கணக்கும் ஆகிறது. ஐந்தரை மணிக்கு மங்கல விளக்கேற்றல்; பின்னர் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை; ஏழு மணியளவிலே திரை விலகும். அந்நேரத்தில் குறிகட்டுவான் இறங்குதுறை இருண்டு கிடக்கும். நெடுந்தீவுக்குப் போகும் கடைசிப் படகு பொழுது சாயுமுன்னரே கயிறவிழ்த்துச் சென்றிருக்கும். கலைக்கு எல்லையில்லை என்று சிறப்புரையாளர் மேடையில் முழங்கும் வேளையில், அக்கலைக்கு எல்லை எது என்பதைக் குறிகட்டுவான் கடல் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இது படகு நேரசூசி பற்றிய சிறு முறைப்பாடு என்று கருதிப் பக்கத்தைப் புரட்டிவிட விரும்புவோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். பண்பாட்டு நிறுவனம் ஒன்று யாருக்காக இயங்குகிறது என்பதை அதன் குறிக்கோள் அறிக்கை காட்டுவதில்லை. நிகழ்ச்சி முடிந்தபின் யார் யார் வீடு திரும்ப முடிகிறது என்பதே காட்டுகிறது.

யாழ்ப்பாணத்து அரங்குகளுள் இன்று தலையாயது, பொதுசன நூலகத்தின் அயலிலே புல்லுக்குளக் கரையில் எழுந்து நிற்கும் யாழ்ப்பாணம் திருவள்ளுவர் பண்பாட்டு மையமாகும். இந்திய அரசின் நன்கொடையாக ஏறத்தாழ 12 மில்லியன் அமெரிக்க டொலர் செலவில் அமைந்தது அது. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் யாழ்ப்பாணம் வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அதற்கு அடிக்கல் நாட்டினார். 2022 மார்ச்சில் மெய்நிகர் முறையில் திறக்கப்பட்டு, 2023 பெப்ரவரி 11ஆம் நாள் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 600 பேர் அமரத்தக்க அரங்கு, இரு தளங்களிலே அருங்காட்சியகம், 11 மாடிக் கற்றற் கோபுரம், திறந்தவெளி மேடையாகவும் பயன்படத்தக்க சதுக்கம் என அதன் வசதிகள் விரிகின்றன. 1981இல் நூலகம் எரியக் கண்ட மண்ணில், அந்நூலகத்தின் தோளோடு தோள் நிற்க இத்தகையதொரு கட்டடம் எழுந்தமை மகிழத்தக்கதே. அங்கே வரவிருக்கும் உரைகளையும் கண்காட்சிகளையும் ஆற்றுகைகளையும் வெறுப்போடு நோக்க எவருக்கும் காரணமில்லை. தமிழகத்து நாதஸ்வரமும் வடநாட்டுக் கதக்கும் யாழ்ப்பாணத்துக்கு வரட்டும். அவை வருவதால் குறைந்துபோகுமளவுக்கு ஈழத்தமிழர் பண்பாடு மெலிந்ததன்று. கேள்வி வேறு. வருவது வந்துகொண்டே இருக்க, இங்கிருந்து போவது எது, அது யார் கையிலிருந்து போகிறது என்பதே கேள்வி.

2025 ஜனவரியிலே இம்மையத்துக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது நிகழ்ந்தது நினைவிருக்கலாம். பெயரிலிருந்து 'யாழ்ப்பாணம்' என்ற சொல் நீங்கியதென்று குடாநாடே கொதித்தது. பெயர்ப்பலகையில் தமிழுக்கு எத்தனையாவது இடம் என்பது விவாதமாயிற்று. அறிக்கைகள் வந்தன, சில நாள்களுள் 'யாழ்ப்பாணம்' என்ற சொல் மீண்டும் பெயரின் முன்னே வந்து அமர்ந்தது. அந்தக் கோபம் நியாயமானதே. திருவள்ளுவரை ஏற்பதற்காக யாழ்ப்பாணத்தை இழக்கவேண்டிய தேவை இல்லை. ஆயினும் பலகைக்காகச் செலவான குரலில் பத்திலொரு பங்கேனும் படகுக்காகச் செலவாகியிருக்கலாம். 'யாழ்ப்பாணம்' என்ற சொல் பலகையில் இருந்தாற் போதுமா? அச்சொல்லின் பொருளுக்குள் நெடுந்தீவும் நயினாதீவும் ஊர்காவற்றுறையும் அடங்குமா அடங்காவா? பெயருக்குப் போராடிய பெருமக்களிற் பலருக்கு யாழ்ப்பாணம் என்பது பண்ணைப் பாலத்தோடு முடிந்துவிடுகிறது போலும்.

பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் மண்டைதீவு, வேலணை. அப்பால் வாணர் பாலத்தின் வழியே புங்குடுதீவு. அதன் மேற்கு முனையிலே குறிகட்டுவான். நகரிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட கிலோமீற்றர் தரைவழி. அதன் பின்னரே கடல். நயினாதீவு கண்ணுக்கெட்டிய தூரம். நெடுந்தீவுக்கோ காற்றும் அலையும் இடங்கொடுத்தால் ஒரு மணி நேரம். அனலைதீவார், எழுவைதீவார் ஊர்காவற்றுறையில் படகேறுவர். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடக்க இன்றும் 'பாதை' என்னும் மிதவையை நம்பியிருக்க வேண்டியுள்ளது. நெடுந்தீவு மாணவி ஒருத்தி மாலை நிகழ்ச்சி ஒன்றைக் காண விரும்பினால் காலையிற் புறப்பட்டு, நகரில் உறவினர் வீட்டிலே இராத்தங்கி, மறுநாள் திரும்பவேண்டும். நகரில் உறவினர் இல்லாதவள் என்ன செய்வாள் என்பதை விழாக் குழுக்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 ஒக்ரோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. பாக்குநீரிணையின் மறுகரையிலிருந்து கலைஞர் சில மணி நேரத்தில் வந்திறங்கலாம். ஆனால் அதே நீரிணையின் நடுவிலே வாழ்பவன் அக்கலைஞரின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவே தன் வீட்டுப் பாயில் படுக்க முடியாது. இம்முரண் எவருடைய தூக்கத்தையும் கெடுத்ததாகத் தெரியவில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்றுண்டு. தீவுகளிலே சனம் குறைவு, இருப்போரும் முதியோர், பெரும் நிகழ்ச்சிகளை அங்கே கொண்டு செல்வது கட்டுப்படியாகாது என்பது அவ்விடை. சனம் குறைந்தது உண்மை. ஆனால் அது இயற்கையாகக் குறையவில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் வேலணையும் ஊர்காவற்றுறையும் புங்குடுதீவும் வெறிச்சோடின. போனோரிற் பெரும்பாலோர் திரும்பவில்லை. கொழும்பிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் அவ்வூர்ப் பெயர்களால் சங்கங்கள் இயங்குகின்றன. 'சனம் இல்லை, ஆகவே நிகழ்ச்சி இல்லை' என்பது, குடிபெயரச் செய்த காரணங்களின் பட்டியலிலே பண்பாட்டு நிறுவனமும் தன் பெயரைச் சேர்த்துக்கொள்வதாகும். பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் படகும் போதாவென்று ஊரைவிட்டு எழும்பும் குடும்பத்துக்கு, இங்கே பார்க்கவும் கேட்கவும் ஒன்றுமில்லை என்பது இன்னொரு காரணம்.

கட்டுப்படியாகாது என்பது அதனினும் நகைப்புக்குரியது. ஆனி மாதத்திலே நயினை நாகபூஷணி அம்மன் ஆலயத் திருவிழா நடைபெறும் நாள்களில் குறிகட்டுவானுக்குப் பேருந்துகளும் அங்கிருந்து படகுகளும் இடையறாது ஓடுகின்றன. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு விடியற்காலையிலிருந்தே போக்குவரத்து ஒழுங்குசெய்யப்படுகிறது. தெய்வத்துக்கென்றால் ஓடும் படகு கலைக்கென்றால் மட்டும் ஓடாதோ? அங்கே பணமும் படகும் உண்டு. மேலதிகமாக ஒருமுறை ஓடுமாறு கேட்கத்தான் ஆளில்லை.

தீவகத்தைப் பார்வையாளர் தொகை குறைந்த தொலைப்புறமாகக் கொள்ளும் இம்மனோபாவம் வரலாற்றறியாமையின் விளைவு என்பதே இங்கு முதன்மையாகச் சொல்லப்படவேண்டியது. இந்தியாவுக்கும் ஈழத்துக்கும் இடையிலான பண்பாட்டுப் பரிவர்த்தனை என்ற தொடரைத் தூதரக மொழியாகவே கேட்டுப் பழகியவர்கள், அப்பரிவர்த்தனை நடந்த வாசல் எது என்று கேட்பதில்லை. அவ்வாசல் புல்லுக்குளக் கரையில் இருக்கவில்லை. அது ஊராத்துறையில் இருந்தது.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலய வளாகத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டு இதற்குச் சான்று. அதனை வெளியிட்டவன் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இக்கல்வெட்டை ஆராய்ந்து பதிப்பித்தார். பரதேசங்களிலிருந்து வரும் வணிகர் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்கிறது அது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. மரக்கலம் உடைந்து கரையொதுங்கினால் என் செய்வது என்பதையும் அது வரையறுக்கிறது. மன்னனுக்கென யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலமாயின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, மிகுதி மூன்று பங்கு உரியவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றி வந்த கலமாயின் பாதி பண்டாரத்துக்கு, பாதி உரியவனுக்கு. சிங்கள மன்னனின் கட்டளை, தமிழ் மொழியில், கடல் நடுவே ஒரு தீவில், இந்தியக் கரையிலிருந்து வரும் வணிகனின் நன்மை கருதிப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இனமும் மொழியும் வாணிபமும் இங்கு ஒரே கல்லிலே சந்திக்கின்றன. தெற்கிலிருந்து நாகவிகாரைக்கு யாத்திரை வரும் சிங்கள மக்கள் நாள்தோறும் இக்கல்லுக்கு அருகாகவே நடந்து போகின்றனர். அவர்களுக்கு இக்கல்லின் வாசகத்தைச் சிங்களத்திலே சொல்லும் பலகை ஒன்று எத்தனை அரசியல் உரைகளுக்கு ஈடாகும்!

இரு தளங்களில் அருங்காட்சியகம் வைத்திருக்கும் மையம் நடத்தத்தக்க முதற் கண்காட்சி இதுவன்றோ? கல்வெட்டின் மைப்படி, அதன் பெயர்ப்பு, கடற்கோட்டையின் படங்கள், ஊர்காவற்றுறையிலிருந்து சோழமண்டலக் கரைக்கு ஓடிய பாய்மரக் கலங்களின் மாதிரிகள், நெடுந்தீவின் ஒல்லாந்தர் காலக் குதிரை லாயங்கள், இன்றும் அங்கு மேயும் குதிரைகளின் கதை. இவற்றைத் திரட்ட டில்லியின் உதவி வேண்டியதில்லை. மணிமேகலை கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்பாரும் அன்றென்பாரும் உளர். அவ்விருசாராரையும் ஒரே மேடையில் ஏற்றி விவாதிக்க வைத்தால் அது உரைநிகழ்ச்சி. பொன்னாடை போர்த்தி, ஒருவரையொருவர் புகழ்ந்து கலைவதற்கு வேறு பெயர் உண்டு.

இன்னொரு பெயரையும் இங்கு சொல்லவேண்டும். தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொனிலே பிறந்தவர். தந்தைவழியில் நெடுந்தீவு. அவர் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கியது நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராய் இருந்தபோது. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1964 ஜனவரியில் புதுடில்லியிலே கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடிய வேளையில் அறிஞர் சிலரை ஒன்றுசேர்த்து அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவ முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நாலாவது மாநாடு. அம்மாநாட்டின் இறுதி நாளில் உயிர் நீத்தோரின் நினைவுத் தூண்கள் இப்பண்பாட்டு மையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே நிற்கின்றன.

இந்த வரலாற்றின் திசையைக் கவனித்தல் வேண்டும். தீவான் ஒருவன் இந்தியாவுக்குப் போனான், அங்கு கற்றான், கற்றதோடு நில்லாமல் இந்தியத் தலைநகரிலேயே இந்தியத் தமிழறிஞரையும் ஐரோப்பிய அறிஞரையும் ஒரு மன்றத்தில் அமர வைத்தான். பெறுபவனாகச் சென்றவன் கொடுப்பவனானான். இந்திய–ஈழப் பண்பாட்டு உறவுக்கு இதனினும் சிறந்த உதாரணத்தை எவராற் காட்ட முடியும்? அவ்வாறிருக்க, அப்பிறந்த மண்ணைப் பார்வையாளர் இருக்கைக்கும் தகுதியற்றதாகக் கணிப்பது வரலாற்றுக்குச் செய்யும் அவமதிப்பு. தனிநாயகம் அடிகளின் பெயரில் ஆண்டுதோறும் ஓர் உரை நடத்தப்படுமாயின் அது நகரத்து அரங்கில் அல்ல, கரம்பொனிலே நடத்தப்படவேண்டும். தமிழகத்துப் பேராசிரியர் வரட்டும். பண்ணைப் பாலத்தைத் தாண்டட்டும். கரம்பொன் தரைவழியாக எட்டத்தக்க ஊர்தான். அவருக்குக் கடல் நோவு வராது.

தளையசிங்கமும் சு. வில்வரத்தினமும் புங்குடுதீவார். ஈழத்து இலக்கிய விமரிசனத்தை உலுக்கியவர் ஒருவர். தீவகத்தின் இடப்பெயர்வைக் 'காற்றுவழிக் கிராமம்' ஆக்கியவர் மற்றவர். இவர்களைத் தமிழகத்துச் சிற்றிதழ்கள் விரும்பி வாசித்திருக்கின்றன. இவர்களது ஊரிலே இவர்களைப் பற்றி ஒரு மாலை, அல்ல, ஒரு காலை உரையாடல் நடத்த எவருக்கும் தோன்றுவதில்லை.

ஆற்றுகைகளுக்கு வருவோம். தீவகத்தின் கத்தோலிக்கக் கரையோரங்களில், மெலிஞ்சிமுனை போன்ற ஊர்களில், நாட்டுக்கூத்து வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. புனிதர் வரலாறுகளையும் அரச கதைகளையும் அண்ணாவியார் பழக்க, மாதக்கணக்கில் இரவிரவாக ஒத்திகை நடக்கும். மீன்பிடித்துத் திரும்பியவனே அரசனாவான். வலை பொத்துபவனே மந்திரியாவான். மேடையேறும் நாள் ஊரின் நாள். விடியும் வரை ஆட்டம். விடியும் வரை சனம். யாருடைய பிள்ளை எந்தப் பாட்டிலே தடுமாறினான் என்பது அடுத்த ஆண்டு வரை பேசப்படும். இது கலை மட்டுமன்று, ஊர் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக் கொள்ளும் முறையுமாகும். இடப்பெயர்வு இதன் முதுகெலும்பை முறித்தது. ஆடியோர் சிதறினர், கொப்பிகள் தொலைந்தன, எஞ்சிய அண்ணாவிமார் சிலர் மூப்படைந்துள்ளனர்.

இத்தகைய கூத்தை நகர மேடைகள் நடத்தும் விதம் யாவரும் அறிந்ததே. 'கிராமியக் கலை' என்ற தலைப்பில் இருபது நிமிடம் ஒதுக்கப்படும். முன்னே ஒரு பிரமுகர் உரை, பின்னே ஒரு பிரமுகர் உரை; நடுவிலே வரவு ஆட்டம் முடியுமுன் நேரம் முடிந்துவிட்டதென்று துண்டு வரும். அண்ணாவியாருக்குச் சான்றிதழும் கைகுலுக்கலும், புகைப்படம். கூத்தை இவ்வாறு நறுக்கிக் காட்டுவதினும் காட்டாமலிருப்பது மேல். மீனை அறிய விரும்புபவனுக்குச் செதிலைக் கொடுத்து அனுப்புவது போன்றது இது.

பல்கலைக்கழகத்துக்கு இவ்விடயத்தில் ஒரு மரபு உண்டு. அம்மரபை அது மறந்தது வருந்தத்தக்கது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே கூத்தை மீட்டெடுக்க முனைந்தபோது மட்டக்களப்பு அண்ணாவிமாரை வளாகத்துக்கு அழைத்து மாணவருக்குப் பழக்குவித்தார். மன்னார் நாடகச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தார். 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' என அத்தேடல் மேடை கண்டது. அம்முயற்சியிலும் குறைகள் உண்டு. வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு வந்தபோது கூத்து சிலவற்றை இழந்தது என்ற விமரிசனம் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் அங்கே மாணவன் சீடனாக இருந்தான். அண்ணாவியார் ஆசானாக இருந்தார். இன்று அவ்வுறவு தலைகீழாகிவிட்டது. பட்டம் பெற்றவன் ஒலிவாங்கியைப் பிடித்து அண்ணாவியாரின் கலை இன்னது என்று அவருக்கே விளக்குகிறான். பண்பாட்டு மையத்தைக் குறைகூறு முன்னர் கலைப்பீட மாணவர் தம்மையே கேட்கவேண்டிய கேள்வி இது: நான்கு ஆண்டுக் கற்கையில் ஓர் இரவேனும் தீவுக் கூத்து ஒன்றின் ஒத்திகையில் அமர்ந்திருந்தோர் எத்தனை பேர்?

கச்சதீவுத் திருவிழாவை மீண்டும் நினைக்கலாம். அங்கு அரங்கமில்லை, அருங்காட்சியகமில்லை, வதிவோரும் இல்லை. நெடுந்தீவுப் பங்கோடு இணைந்த அச்சிறு தீவிலே ஆண்டுக்கொருமுறை இராமேசுவரக் கரையாரும் யாழ்ப்பாணக் கரையாரும் கூடுகின்றனர். ஒரே மொழியில் செபிக்கின்றனர். அருகருகே அடுப்பு மூட்டுகின்றனர். கொண்டுவந்த பண்டங்களை மாற்றிக்கொள்கின்றனர். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை கோடு கீறியபோதும் யாத்திரைக்கு வழி வைத்தது. போர்க் காலத்திலே நீண்டகாலம் தடைப்பட்டுப் பின் மீண்டது. 2024இல் தம் மீனவர் கைதுகளை எதிர்த்து இராமேசுவரத்தார் அவ்விழாவைப் புறக்கணித்தனர். இவ்வொரு செய்தி போதும், பண்பாட்டு உறவு என்பது வயிற்றுப்பாட்டிலிருந்து பிரித்தெடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தக்க பொருளன்று என்பதைக் காட்ட.

நெடுந்தீவு மீனவனுக்கு இந்தியா என்பது வீணை அன்று, யோகாசனமும் அன்று. இரவிலே வடமேற்கே வரிசையாகத் தெரியும் இழுவைமடிப் படகுகளின் விளக்கொளியே அவனறிந்த இந்தியா. காலையில் அறுந்த வலையோடு கரை திரும்புபவனுக்கு அன்று மாலை இந்திய இசைக்கச்சேரி என்ற அழைப்பிதழ் எவ்வாறு தோன்றும்? மறுகரையில் அப்படகை ஓட்டுபவனும் பெரும்பாலும் கூலிக்காரனே. படகு அவனுடையதன்று என்பதையும் மறத்தலாகாது. 2017இலேயே இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. கடலடி இன்னும் கிளறப்படுகிறது. இரு கரையிலும் தமிழ் பேசும் மக்கள். இருவருக்கும் வழிபடத் தெரியும், சண்டையிடத் தெரியும், பேச இடந்தான் இல்லை. பேச்சுக்கென்றே ஓர் அரங்கு கட்டி வைத்திருக்கும் மையம், அப்பேச்சுக்கு இடமளிக்குமா? அது அரசியல், இது பண்பாடு என்று சொல்வோர் உளர். இராமேசுவரத்தானும் நெடுந்தீவானும் ஒரே பாட்டை ஒரே மெட்டில் பாடுவது பண்பாடு என்றால், அப்பாட்டைப் பாடும் வாய்க்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்பதும் பண்பாட்டின் கேள்வியே.

இறுதியாக எழும் ஆட்சேபம் நாசூக்கானது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது அது. அயல்நாடு மனமுவந்து கொடுத்ததைக் குறைகூறுவது நன்றிகேடு என்று பெரியோர் சிலர் முகஞ்சுளிப்பர். இந்தியா தீவுகளையும் மறந்துவிடவில்லை என்றும் அவர்கள் சுட்டலாம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரியனாலும் காற்றாலும் மின்னுற்பத்தி செய்யும் திட்டத்துக்கென 11 மில்லியன் டொலர் நன்கொடை அளிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் ஒப்பந்தமும் கைச்சாத்தாயிற்று. நன்று. டீசல் இயந்திரத்தின் இரைச்சலில் வாழ்ந்தவர்க்கு அதன் அருமை தெரியும். ஆனால் இவ்விரு கொடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஏறத்தாழ ஒத்த தொகைகள். நகருக்குப் பண்பாடு, தீவுக்கு மின்சாரம். நகரத்தானுக்கு மனம் உண்டு, ஆகவே கலை. தீவானுக்கு வீடு மட்டும் உண்டு, ஆகவே விளக்கு. இப்பகுப்பை இந்தியா வேண்டுமென்று செய்யவில்லை. யாழ்ப்பாணமே நெடுங்காலமாகச் செய்துவைத்த பகுப்பு அது. வந்த கொடை அவ்வாய்க்கால் வழியே ஓடியது, அவ்வளவே. மாட்டின் பல்லைப் பார்ப்பது நன்றிகேடாகலாம். அதன் பால் எந்த வீட்டுக்குப் போகிறது என்று கேட்பது நன்றிகேடாகாது. அது கட்டியாள்பவனின் கடமை.

கேட்கப்படுவது பெரிதன்று. மாதத்தில் ஒரு நிகழ்ச்சி சனிக்கிழமை முற்பகலில் நடக்கட்டும். நெடுந்தீவுப் பிள்ளைகள் பிற்பகற் படகைப் பிடிக்கும் வண்ணம் முடியட்டும். தமிழகத்திலிருந்து வரும் கலைஞர் நகரில் இரண்டாம் நாள் ஆடுவதற்குப் பதிலாக நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ ஆடட்டும்; பாடசாலை மண்டபம் போதும், ஒளியமைப்புக் குறைந்தால் கலை கருகிவிடாது. எஞ்சியுள்ள அண்ணாவிமாரின் கூத்துகள் முழு இரவும் அவரவர் ஊரிலேயே ஆடப்பட்டுப் பதிவாகட்டும். அப்பதிவுகள் கற்றற் கோபுரத்தின் ஒரு மாடியிலே இருக்கட்டும். மாறாக, மெலிஞ்சிமுனைக் கூத்தர் நாகபட்டினக் கப்பலேறித் தஞ்சைக்கும் போகட்டும். பரிவர்த்தனை என்ற சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள் அதுதான். நிகழ்ச்சி நிரலைத் தீர்மானிக்கும் மேசையிலே தீவகத்தார் ஒருவருக்கேனும் நாற்காலி இருக்கட்டும். வரவிருக்கும் நிகழ்ச்சிகளின் அறிவித்தல், முகநூலில் மட்டுமன்றிக் குறிகட்டுவான் இறங்குதுறையிலும் தொங்கட்டும். படகுக்குக் காத்திருப்போர்க்கு வாசிக்க நேரம் நிறைய உண்டு. அவ்வறிவித்தலின் அடியில், நிகழ்ச்சி முடியும் நேரத்தோடு அன்று கடைசிப் படகு புறப்படும் நேரமும் அச்சிடப்படட்டும்.